பாலத்துக்காக ஆறிய காப்பி

எங்கள் ஊர் பைத் ஸாத்தரில் வீடுகளைவிடப் பெயர்ப்பலகைகள் அதிகம் என்று சொன்னால் அது மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு நாட்டுக் கொடி வரைந்த பலகை. பள்ளிக்கூடக் கழிப்பறைக்கு இன்னொரு நாட்டுப் பலகை. பஸ்ஸே நிற்காத இடத்தில் போட்ட பெஞ்சுக்கு மூன்று நாடுகள் சேர்ந்து ஒரு பலகை வைத்திருக்கின்றன. பெஞ்சில் இரண்டு பேர் உட்காரலாம், பலகையின் நிழலில் ஒரு குடும்பமே நிற்கலாம். சூரிய ஒளி விளக்குக் கம்பம் ஒன்றும் இருக்கிறது. விளக்கு எப்போதோ போய்விட்டது, பலகை மட்டும் பளபளவென்று இருக்கிறது. உலகத்துக் கொடிகளை எல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் புத்தகம் பார்க்காமலே சொல்வார்கள்.

இவ்வளவும் கொடுத்தவர்கள் ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. ஊர் வாசலில் இருக்கும் ஓடைக்கு ஒரு பாலம். கோடையில் அது வெறும் பள்ளம், அதில் ஆடு படுத்திருக்கும். மழைக்காலத்தில் மலையிலிருந்து தண்ணீர் இறங்கினால் நாள்கணக்கில் ஊர் இந்தப் பக்கம், உலகம் அந்தப் பக்கம். நான் வஸ்ஃபி, ஊருக்கும் நகரத்துக்கும் ஆள் ஏற்றுகிற மஞ்சள் வேன் என்னுடையது. அந்த நாட்களில் வேன் வீட்டு வாசலில் நின்று துருப்பிடிக்கும். அவசரம் என்றால் அபூ ரப்பாஹின் டிராக்டரில் தொற்றிக்கொண்டு ஓடையைக் கடக்க வேண்டும். போன குளிர்காலத்தில் என் அண்ணன் மனைவி ஓடைக்கு நடுவில் டிராக்டரிலேயே பிள்ளை பெற்றுவிட்டாள். அவனுக்கு அழகாக ஒரு பெயர் வைத்தார்கள். ஊர் அவனை டீசல் என்றுதான் கூப்பிடுகிறது.

இதைச் சொல்லிச் சொல்லி நானும் சிரித்தவன்தான், என் மனைவி ஸிஹாம் கர்ப்பமாகும்வரை. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து எங்களுக்கு வந்த முதல் பிள்ளை. மாசம் எண்ணிப் பார்த்தால் டிசம்பரில் விழுந்தது, சரியாக ஓடை பொங்குகிற நேரம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று நகரத்து டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிராக்டர் சத்தம் கேட்டாலே நான் விரல்விட்டு மாசம் எண்ண ஆரம்பித்தேன்.

பாலம் கேட்டு ஊர் மன்றம் எழுதாத நாடு கிடையாது. ஆனால் கொடுக்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு விஷயம். ஒரு வருஷம் இளைஞர், ஒரு வருஷம் பருவநிலை, ஒரு வருஷம் நல்லாட்சி. எந்த வருஷமும் பாலத்தின் வருஷமாக இல்லை. எங்கள் மன்றத் தலைவர் அபூ ஸாயில் லேசுப்பட்டவர் இல்லை. ஒருமுறை பாலம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, ‘பெண்களின் தலைமைப் பாதை’ என்று எழுதி அனுப்பினார். பாலம் வரவில்லை, பெண்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி வந்தது. ஸிஹாமும் போய் உட்கார்ந்து, சாண்ட்விச் தின்று, சான்றிதழ் வாங்கி வந்தாள். எங்கள் வீட்டில் தலைமை அதற்கு முன்பும் அவளிடம்தான் இருந்தது. இப்போது சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

அந்த ஓடை நல்லவேளையாக ஊர் எல்லைக்குள் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி ஓடியிருந்தால் அது எங்களை ஆக்கிரமித்திருக்கிற ராணுவத்தின் பிடியில் உள்ள நிலம், அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும், அப்புறம் பாலத்தை என் பேரன்தான் பார்ப்பான். இங்கே குறுக்கே நின்றது பணமும் இந்த வருஷத்து விஷயமும்தான்.

அபூ ஸாயிலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சுற்று வட்டாரத்தில் பெண் கேட்கவோ, வெட்டுக்குத்தைச் சமாதானம் செய்யவோ ஜாஹா போக வேண்டுமென்றால் முன்னால் அவர்தான் நடப்பார். பெரியவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வீட்டுக்குப் போவார்கள். வீட்டுக்காரர் காப்பி கொடுப்பார். ஜாஹாவின் தலைவர் அதை வாங்கி, குடிக்காமல் கீழே வைப்பார். வந்த காரியத்தைச் சொல்வார். வீட்டுக்காரர் அந்தக் கோப்பையைத் தன் கையால் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது, பெண் கொடுத்தாயிற்று, பகை தீர்ந்தது. கொடுக்கும்வரை ஒருவரும் வாயில் வைக்க மாட்டார்கள். வந்த விருந்தாளி காப்பி குடிக்காமல் போனான் என்ற கெட்ட பெயரை எங்கள் பக்கத்தில் எவனும் தாங்க மாட்டான். அபூ ஸாயில் போய்க் காரியம் ஆகாத வீடே இல்லை. பாவம், அந்த மனுஷன் வாழ்நாளில் சூடாகக் காப்பி குடித்ததும் இல்லை.

கோடை முடியப்போகிற சமயம், மன்றக் கூடத்தில் எல்லாரும் பாலத்தைப் பற்றி வழக்கம்போலப் புலம்பிக்கொண்டிருந்தபோது, அவர் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“எழுதிக் கேட்டதெல்லாம் போதும்பா. ரமல்லாவுக்குப் போவோம். பொண்ணு கேக்குற மாதிரி முறையாக் கேப்போம்.”

கேட்கப் போன இடம் ஹென்ரிக்கின் அலுவலகம். ஹென்ரிக் வடக்கே ஏதோ பனி நாட்டுக்காரர். அவர் நாட்டு உதவித் திட்டங்களுக்கெல்லாம் ரமல்லாவில் அவர்தான் பொறுப்பு. நல்ல மனுஷன், அதுதான் தொந்தரவே. எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்பார், கண் கலங்குவார், கடைசியில் ஒரு பயிற்சி கொடுப்பார். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம்.

கறுப்பு மேலங்கியும் வெள்ளைத் தலைத்துணியும் சென்ட்டுமாகப் பெரியவர்கள் என் வேனில் ஏறினார்கள். சென்ட் நெடியில் எனக்கு ரோடு தெரியவில்லை. சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய்ப் பையன் எங்கே கூட்டமாகப் போகிறீர்கள் என்று கேட்டான். பெண் கேட்க என்றார் அபூ ஸாயில். பெண் எப்படி என்று கேட்டான். கொஞ்சம் அகலம், ஆனால் உறுதியானவள் என்றார். அவன் வாழ்த்துச் சொல்லி விட்டுவிட்டான். ஒரு சாவடியில் வாழ்த்து வாங்கினது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஹென்ரிக்குக்கு எங்களைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. மக்கள் தாங்களாகவே தேடி வருவதுதான் உண்மையான பங்கேற்பு என்று மொழிபெயர்ப்பாளப் பெண் லமீஸிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். லமீஸ் நாப்லஸ்காரி, எங்கள் பழக்கம் தெரிந்தவள். ஜாஹாவுக்கு ஏற்ற மாதிரி நாங்கள் வரிசையாக, விறைப்பாக உட்கார்ந்ததைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது.

காப்பி வந்தது. இயந்திரத்தில் பிடித்த காப்பி, காகிதக் கோப்பையில். இது செல்லுமா செல்லாதா என்று எங்களுக்குள் குசுகுசுவென்று ஒரு வாக்குவாதம் நடந்தது. காகிதத்தில் கேட்ட பெண் நிலைக்குமா என்றார் ஒருவர். கோப்பை எதுவானால் என்ன, கொடுக்கிற கைதான் முக்கியம் என்று அபூ ஸாயில் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தன் கோப்பையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். எல்லாரும் வைத்தோம்.

பிறகு எழுந்து பேசினார். இறைவனைப் புகழ்ந்தார், நபியை வாழ்த்தினார், அப்புறம் ஹென்ரிக்கின் குலத்துக்கு வந்தார். அதற்காகவே முன்கூட்டி லமீஸிடம் அவர் அப்பா பெயரைக் கேட்டு வைத்திருந்தார். வள்ளல் ஓலாவின் மகனே, வாசல் கதவை அடைத்தறியாத வீட்டின் வாரிசே என்று ஆரம்பித்து அவர் போட்ட போட்டில் லமீஸே திணறிப்போனாள். ஹென்ரிக்கின் அப்பா வரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவராம். தன் அப்பாவை யாரும் இப்படிப் பேசி ஹென்ரிக் கேட்டதே இல்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசியில் அபூ ஸாயில், உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறோம், எங்கள் ஓடைக்குப் பாலம் கேட்கிறோம் என்று முடித்து உட்கார்ந்தார்.

ஹென்ரிக் வழக்கம்போலத் தலையாட்டினார். உங்கள் கோரிக்கையைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன் என்றார். நாங்கள் அசையவில்லை. மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றார். நாங்கள் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். சர்க்கரை போதவில்லையா என்று கேட்டார். அறையில் இயந்திரம் குமிழிவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாவம், வந்தவர்கள் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எழுந்து வந்து, அபூ ஸாயிலின் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து, சிரித்துக்கொண்டே அவர் கையில் வைத்தார்.

லமீஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் ஹென்ரிக் அடுத்தவருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டார். வரிசையாக எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், நான் வெறும் டிரைவர்.

ஒரே மடக்கில் அத்தனை கோப்பையும் காலி. பேச்சு உறுதியாயிற்று என்று அபூ ஸாயில் கை உயர்த்தி ஃபாத்திஹா ஓதினார். கொண்டுபோயிருந்த குனாஃபா இனிப்புத் தட்டைப் பிரித்து அலுவலகம் முழுக்க ஊட்டினோம், வாசல் காவலாளிக்கும் ஊட்டினோம். ஆளுக்கு ஆள் ஹென்ரிக்கைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். அவர் காதுவரை சிவந்துபோய், இந்தக் காப்பி இவ்வளவு பிடிக்கும் என்று தெரியாமல் போயிற்றே என்றார். லமீஸ் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

வேன் ஊருக்குள் நுழைவதற்கு முன்னமே சேதி நுழைந்துவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். ஸிஹாம் வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அந்த வெள்ளைக்காரருக்கு நம்ம வழக்கம் தெரியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சந்தோஷமான நாளில் இப்படிக் கேட்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. பதில் தெரியாததால் வந்த கோபம்தான்.

வெள்ளிக்கிழமை ஹென்ரிக்கே ஊருக்கு வந்தார். லமீஸ் எல்லாவற்றையும் அவருக்கு விளக்கிவிட்டாள், மனுஷன் தூங்காமல் வந்திருந்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு, கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தார். எங்களுக்கு அது தெரியாதே. மாப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி காரிலிருந்து இறங்கியவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மேளம், பாட்டு. உயரத்தில் ஆடியபடி அவர் கையைக் கையை ஆட்டி ஏதோ சொல்லப் பார்த்தார், ஆடுகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக ஆட்டினார்கள்.

பந்தலில் மன்ஸஃப் போட்டார்கள். இரண்டு ஆடு அறுத்து, தயிர்க் குழம்பும் சோறுமாகத் தாம்பாளம் தாம்பாளமாக வந்தது. ஹென்ரிக் எழுந்து நின்று நண்பர்களே என்று ஆரம்பித்தார். அபூ ஸாயில் தன் கையால் ஒரு இறைச்சித் துண்டைப் பிய்த்து அவர் வாயில் வைத்தார். மென்று விழுங்கிவிட்டு ஒரு தவறு நடந்துவிட்டது என்றார். குழம்பு குறைவாக ஊற்றிவிட்டோமோ என்று இன்னொருவர் ஓடிவந்து ஊற்றினார். மூன்றாவது முறை ஆரம்பித்தபோது நாக்கே வந்துவிட்டது, ஆட்டு நாக்கு, முக்கிய விருந்தாளிக்கு வைக்கிறது. அதைப் பார்த்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, உட்கார்ந்தபடியே, மெதுவாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பாலத்துக்குப் பணமில்லை. கோப்பையைத் தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

லமீஸ் மொழிபெயர்க்க மொழிபெயர்க்கப் பந்தல் அடங்கியது. யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. கேட்ட பெண்ணை வேண்டாம் என்கிற மாப்பிள்ளை வீட்டைப் பார்த்திருக்கிறோம், நிச்சயம் முடிந்தபின் பெண்ணே கிடையாது என்கிற வீட்டைப் பார்த்ததில்லை. அபூ ஸாயிலின் மீசை துடித்தது. ஆனால் தன் வீட்டு உப்பைத் தின்றுகொண்டிருக்கிறவனைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்தது. எழுந்தேவிட்டேன்.

அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஸிஹாம் வந்தாள். வயிறு முன்னால், அவள் பின்னால். ஆண்கள் பந்தி நடுவில் வந்து ஹென்ரிக் எதிரே நின்றாள். யாரும் தடுக்கவில்லை, அந்த வயிற்றை யார் தடுப்பது.

“எதுக்குப் பணம் இல்லேங்கறத விடுங்க. எதுக்குப் பணம் இருக்கு, அதச் சொல்லுங்க.”

ஹென்ரிக் யோசித்துவிட்டு, இந்த வருஷம் பயிற்சிக்கு மட்டும்தான் இருக்கிறது என்றார்.

“என்ன பயிற்சி?”

கைத்தொழில் எதுவானாலும் சரி, மக்கள் ஒன்றாகச் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்றார்.

“அப்ப பாலம் கட்டப் பயிற்சி குடுங்க. நல்லாக் கத்துக்குறோம். நாங்க கத்துக்கிட்டது அந்த ஓடை மேலயே இருக்கட்டும். எனக்கு டிசம்பர்ல பிள்ளை பொறக்கும்.”

லமீஸ் அதைச் சொன்னபோது ஹென்ரிக் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. அவர் ஸிஹாமின் வயிற்றைப் பார்த்தார், ஓடைப் பக்கம் பார்த்தார், பிறகு ரொம்ப நேரம் அந்த ஆட்டு நாக்கைப் பார்த்தார். கடைசியில் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் அவருக்கு மரியாதை வந்தது அந்த நிமிஷம்தான்.

இப்படித்தான் பைத் ஸாத்தரில் கட்டுமானத் திறன் பயிற்சி முகாம் தொடங்கியது. பேனா, தாள், மார்க்கர் என்று பயிற்சிப் பொருள் வாங்குகிற இடத்தில் ஹென்ரிக் சிமெண்டும் கம்பியும் ஜல்லியும் சேர்த்துக்கொண்டார். ஒரு இன்ஜினியரைப் பயிற்சியாளர் என்று அனுப்பினார். பயிற்சி என்றால் பயிற்சிக்கு உரிய எல்லாமும் நடந்தாக வேண்டும். காலையில் வட்டமாக நின்று ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொழுதுபோக்கையும் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறவர்கள் தினமும் அறிமுகம் செய்துகொண்டோம். அபூ ரப்பாஹ் தன் பொழுதுபோக்கு டிராக்டர் என்று தினமும் சொன்னார். கலவை இறுகிக்கொண்டிருக்கும்போது நூலுருண்டையை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து நம்பிக்கையை வளர்க்கிற விளையாட்டு வேறு. நம்பிக்கை வளர்ந்ததோ இல்லையோ, நூல் போய்க் கலவை இயந்திரத்தில் சுற்றிக்கொண்டது, அதை எடுக்க அரை நாள் ஆனது. இன்ஜினியர் தலையில் கை வைத்தார். சாண்ட்விச் மட்டும் நேரம் தவறாமல் வந்தது.

பெண்கள் பாதிப் பேர் வேண்டும் என்றதால் எங்கள் ஊர்ப் பெண்கள் கம்பி கட்டினார்கள். ஆண்களைவிட இறுக்கமாகக் கட்டினார்கள் என்று இன்ஜினியர் சொன்னார், திராட்சை இலைச் சுருட்டல் பழகிய கை. ஸிஹாமைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் குழுத் தலைவி ஆக்கினார்கள். அவளிடம்தான் சான்றிதழ் இருந்ததே. அவள் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் விரட்டினாள், என்னை அதிகமாக விரட்டினாள். நடுவில் முகாமுக்கான காலம் முடிந்துபோனது, பாலம் பாதிதான் வந்திருந்தது. ஹென்ரிக் தன் மேலிடத்துக்கு, பங்கேற்பாளர்கள் இடது பக்கத்தை நன்றாகக் கற்றுவிட்டார்கள், வலது பக்கம் இன்னும் புரியவில்லை என்று சொல்லி நீட்டிப்பு வாங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், இதைச் சொல்லும்போது வியர்த்துவிட்டதாம்.

டிசம்பரில் பாலம் முடிந்தது. அழகு என்று சொல்ல முடியாது, ஒரு பக்கம் கொஞ்சம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் லாரி போனாலும் அசையாது. அதன்மேல் முதல் ஆளாக வேன் ஓட்ட வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். முடியாது என்றார்கள். திறப்பு விழா நடக்க வேண்டும். ஹென்ரிக்கின் தலைநகரத்திலிருந்து பெரிய அதிகாரி அம்மாள் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டிய பிறகுதான் யாரும் கால் வைக்கலாம். கணக்கு வருஷம் முடிவதற்குள் விழா நடந்தாக வேண்டும் என்பதால் கொட்டுகிற மழை மாதத்தில் நாள் குறித்தார்கள்.

விழாவுக்கு முதல் நாளே வானம் பிய்த்துக்கொண்டது. காலையில் ஓடை கரை தொட்டுக் காப்பி நிறத்தில் ஓடியது. பாலத்தின் மேலேயே கூடாரம் போட்டு, அதற்குள் நாற்காலி போட்டு, ஊரே உட்கார்ந்திருந்தது. விழா நாற்காலிக்காரர்கள் கால் வைக்கலாமாம், அது விழாவில் சேர்த்தியாம். அந்தப் பக்க முனையில், சாலையைப் பார்த்து, சிவப்பு ரிப்பன். பக்கத்தில் வெல்வெட் தலையணைமேல் கத்தரிக்கோல். அதிகாரி அம்மாள் வரவில்லை. சாவடியில் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று ஹென்ரிக் செல்போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.

ஸிஹாமுக்கு வலி எடுத்தது அப்போதுதான். அவளை ஏற்றிக்கொண்டு வேனை விரட்டி, பாலத்தின் வாய்க்கு வந்து ஹார்ன் அடித்தேன். நாற்காலிகள் விலகின, கூடாரம் ஒரு பக்கம் சரிந்தது, ரிப்பன்வரை வந்துவிட்டேன். அங்கே வண்டி நின்றது. நான் இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த ரிப்பன் முன்னால் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஆலோசனை செய்தார்கள். வெட்டாத ரிப்பனைத் தாண்டினால் வருகிற விருந்தாளிக்கு அவமரியாதை. வெட்டிவிட்டால் விழாவே இல்லை, விழா இல்லையென்றால் அடுத்த முறை இந்த ஆட்கள் பக்கத்தில் சேர்ப்பார்களா. அபூ ஸாயில் தாடையைச் சொறிந்தார். ஹென்ரிக் செல்போனில் யாரிடமோ அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் இசை போட்டுக் காக்க வைத்திருந்தார்கள். அப்போது ஒருவர், ரொம்ப அக்கறையாகத்தான், அபூ ரப்பாஹின் டிராக்டர் தயாராக இருக்கிறது, பாலத்துக்குக் கீழே ஓடை வழியாக ஒரு எட்டுக் கொண்டுபோய் விட்டுவிடலாமே, ரிப்பனும் பத்திரமாக இருக்கும் என்றார்.

நான் வேனிலிருந்து குதித்து அவரை நோக்கிப் பாய்ந்தேன். பின்னால் வேன் கதவு திறக்கிற ஒலி கேட்டது.

ஸிஹாம் இறங்கி வந்தாள். ஒரு கையால் வேனைப் பிடித்துக்கொண்டு, வலி வரும்போது நின்று, போனதும் நடந்து, ரிப்பனிடம் வந்தாள். தலையணையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டினாள். ஹென்ரிக்கின் ஆட்கள் அமர்த்தியிருந்த போட்டோக்காரர் பழக்க தோஷத்தில் படம் எடுத்துவிட்டார். ஹென்ரிக் செல்போனைக் காதிலிருந்து இறக்கினார், அப்புறம் அதை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கைதட்ட ஆரம்பித்தார். ஊரே கைதட்டியது.

“கைதட்டுனது போதும், நாற்காலிய எடுங்க,” என்றாள் ஸிஹாம். பிறகு என்னைப் பார்த்து, “வஸ்ஃபி, ஓட்டு.”

ஓட்டினேன். கீழே ஓடை இரைந்துகொண்டிருந்தது. வழியில் எதிரே வந்த பெரிய வெள்ளை வண்டிக்குக்கூட நான் ஒதுங்கவில்லை. மதியத்துக்குள் எங்களுக்குப் பெண் பிறந்தாள். குறுக்கே கிடந்தவளை அறுத்துத்தான் எடுத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு பேரில் யாரைக் காப்பாற்றுவது என்று ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். நான் வராந்தாவில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

ஸிஹாமைச் சில நாள் கழித்துத்தான் விட்டார்கள். பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினால், பாலத்தின் முனையில் மறுபடியும் கூட்டம். மறுபடியும் ரிப்பன், மறுபடியும் கூடாரம். முதல் தடவை மழையில் படம் சரியாக வரவில்லை, அதிகாரி அம்மாளும் படத்தில் இல்லை, அதனால் இன்னொரு முறை திறக்கிறார்களாம். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் நின்றிருந்தார். நல்ல முகம், குளிரில் மூக்கு சிவந்திருந்தது. ஹென்ரிக் எங்களைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார்.

வேனுக்குள் பிள்ளையைப் பார்த்ததும் அதிகாரி அம்மாள் ஆசையாக ஜன்னல் பக்கம் வந்தார். இவரும் பயிற்சியில் கலந்துகொண்டவரா என்று கேட்டார். குழுத் தலைவியே இவர்தான் என்றாள் லமீஸ். அந்த அம்மாளுக்கு ரொம்பச் சந்தோஷம். இந்தப் பயிற்சியில் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன, உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்.

ஸிஹாம் பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ரிப்பன் வெட்டக் கத்துக்கிட்டேன்.”

லமீஸ் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் கத்தரிக்கோலைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், துணிக்குள் தூங்குகிற என் மகளைப் பார்த்தார். பிறகு ரிப்பனின் ஒரு முனையைத் தானே அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி நின்று எங்களுக்கு வழிவிட்டார்.